சிபிவிடி: எந்த பீட்டா பிளாக்கர், எப்போது ஃப்ளெகைனைடு, ஐசிடி யாருக்கு?

ஓடும்போதோ நீந்தும்போதோ பயந்து பதறும்போதோ மயங்கி விழும் பிள்ளை. ஈசிஜி எடுத்தால் கோளாறு தெரியாது, எக்கோவிலும் இதயம் நன்றாக இருக்கும். வலிப்பு என்று முடிவு கட்டி ஃபெனிடாயின் தொடங்கிவிடுவார்கள். ஒரு நாள் யாராவது டிஎம்டி (ஓடுபட்டையில் ஓடவிட்டு ஈசிஜி பார்க்கும் சோதனை) எடுத்துப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் இருக்காது. துடிப்பு நிமிடத்துக்கு 110, 120 என்று ஏறும்போது நடுநடுவே ஒரு அகலமான கூடுதல் துடிப்பு தலைகாட்டும். இன்னும் வேகம் கூட்டினால் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும், பிறகு இரண்டிரண்டாக, பிறகு தொடராக. அந்தத் தொடரில் ஒரு துடிப்பு மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியும் மாறி மாறி நிற்கும். பிள்ளையை நிறுத்தி உட்கார வைத்தால் சில நிமிடத்தில் எல்லாம் மறைந்துவிடும். இதுதான் சிபிவிடி. முழுப்பெயர் காட்டகோலமினெர்ஜிக் பாலிமார்ஃபிக் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, அதாவது அட்ரினலின் கிளப்பிவிடும், பல வடிவில் வரும் கீழறை வேகத் துடிப்பு. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன் நோய் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். எந்த மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது அதிலிருந்துதான் புரியும். இதயத் தசை செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் அறை ஒன்று உண்டு. அதன் கதவு ரயனோடின் ஏற்பி என்ற புரதம். ஒவ்வொரு துடிப்பிலும் கதவு ஒரு நொடிப்பொழுது திறந்து மூட வேண்டும். சிபிவிடி உள்ளவருக்கு, அட்ரினலின் பாயும் நேரத்தில் இந்தக் கதவு துடிப்புக்கு இடைப்பட்ட நேரத்திலும் கசியும். கசிந்த கால்சியத்தை செல் வெளியே தள்ளும்போது சோடியம் உள்ளே வரும், மின்னழுத்தம் ஏறும், வேண்டாத துடிப்பு ஒன்று பிறக்கும். பிரான்சில் கூமெல் குழு 1978-இல் இந்த நோயைத் தெளிவாக விவரித்தது. 1995-இல் லீனார்ட் 21 பிள்ளைகளின் விவரத்தை வெளியிட்டார். ரயனோடின் ஏற்பி மரபணுவில் பிழை இருப்பது 2001-இல் தெரியவந்தது.

ஆகவே சிகிச்சைக்கு மூன்று இடங்கள் இருக்கின்றன: அட்ரினலின் இதயத்தைத் தொடாமல் தடுப்பது (பீட்டா பிளாக்கர்), கசிவையோ அதன் விளைவையோ அடக்குவது (ஃப்ளெகைனைடு), எல்லாம் தவறிய பிறகு அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்பது (நெஞ்சில் பொருத்தும் ஐசிடி கருவி). இந்த வரிசையை மாற்றி, கடைசியில் வர வேண்டியதை முதலில் வைப்பதுதான் இந்த நோயில் நடக்கும் பெரிய தவறு.

பீட்டா பிளாக்கர்: பெயர் ஒன்று, மருந்துகள் வேறு

பீட்டா பிளாக்கர் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. 2009-இல் ஹயாஷி குழு 101 பேரைத் தொடர்ந்து பார்த்தது. எட்டு ஆண்டுகளில் மயக்கம், இதய நிறுத்தம் போன்ற நிகழ்வுகள் பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 58 சதவீதத்தினருக்கும் வந்தன. பாதியாகக் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் மருந்து எடுத்தும் நான்கில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அந்த இடைவெளிக்கு ஒரு காரணம், எந்த பீட்டா பிளாக்கர், எவ்வளவு, எத்தனை வேளை என்பதில் காட்டும் அலட்சியம்.

நம் ஊர் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை மெட்டோபிரோலால், அட்டெனோலால், பைசோபிரோலால். அட்ரினலின் வந்து ஒட்டும் ஏற்பிகளில் பீட்டா-1, பீட்டா-2 என்று வகைகள் உண்டு. மூன்றும் பீட்டா-1 ஏற்பியை மட்டும் குறிவைப்பவை. ரத்த அழுத்தத்துக்கு அது போதும், சிபிவிடிக்குப் போதாது. பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும் நடோலாலும் புரோபிரனோலாலும் தான் இங்கே முதல் தேர்வு. ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் இந்த வகையைத்தான் கேட்கிறது. அதே ஆண்டு, அறிகுறி உள்ள 329 பிள்ளைகளை வைத்து வெளியான ஆய்வில், பீட்டா-1 மட்டும் அடைக்கும் மருந்து எடுத்தவர்களுக்கு ஆபத்தான நிகழ்வுகளின் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ‘பிள்ளைக்கு மெட்டோபிரோலால் போய்க்கொண்டிருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறான்’ என்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது. அடுத்த சந்திப்பிலேயே மாற்றிக் கேட்க வேண்டிய விஷயம் இது.

இரண்டில் நடோலாலே மேல். ரத்தத்தில் அது பாதியாகக் குறைய 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு வேளை மாத்திரை ஒரு நாளைத் தாங்கும், சிறு பிள்ளைகளுக்கு இரண்டாகப் பிரித்தும் கொடுப்பார்கள். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். மூளைக்குள் அதிகம் போகாததால் கெட்ட கனவு, மந்தம் குறைவு. சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். இதன் ஒரே பெரிய குறை, உலகின் பல இடங்களில் தொடர்ந்து கிடைப்பதில்லை. தட்டுப்பாடு வந்து திடீரென நின்றுபோன காலமும் உண்டு. கிடைக்கிறது என்றால் கையில் எப்போதும் ஒரு மாத இருப்பு வைத்திருக்க வேண்டும்.

நடோலால் கிடைக்காத வீட்டுக்கு புரோபிரனோலால். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 மில்லிகிராம், மூன்று வேளையாக. 30 கிலோ பிள்ளைக்கு கிலோவுக்கு 3 என்று வைத்தால் நாளுக்கு 90, வேளைக்கு 30. இதற்கு 40 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி முக்கால் துண்டாக உடைக்க முயன்றால் பொடிந்து ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு அளவாகப் போகும். 10 மில்லிகிராம் மாத்திரை மூன்று கொடுப்பதே சரி. முதல் நாளே முழு அளவில் தொடங்குவதில்லை. கிலோவுக்கு 1 என்று ஆரம்பித்து, துடிப்பும் அழுத்தமும் பார்த்து ஏற்றுவார்கள்.

புரோபிரனோலாலில் அதிகம் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு: காலை நேரம். சாதாரண மாத்திரை ரத்தத்தில் பாதியாகக் குறைய 3 முதல் 6 மணி நேரம் போதும். இரவு எட்டு மணிக்குக் கடைசி வேளை, காலை ஏழரைக்குச் சாப்பாட்டோடு முதல் வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பதினொன்றரை மணி நேரம். மாத்திரையை விழுங்கிவிட்டு ஏழு நாற்பதுக்கு ஸ்கூல் வேனைப் பிடிக்கப் பிள்ளை ஓடுகிறான். இரவு மருந்து தீர்ந்துவிட்டது, காலை மருந்து உச்சத்துக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். நாளிலேயே பாதுகாப்புக் குறைந்த நேரத்தில் ஓட்டம். இதைச் சரிசெய்ய, கடைசி வேளையைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளி, முதல் வேளையைக் கண் விழித்ததும் கொடுத்துவிட வேண்டும். அல்லது மெதுவாகக் கரையும் நீள்செயல் வகையை இரண்டு வேளையாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். நீள்செயல் மருந்தைப் பொடித்தோ மென்றோ கொடுக்கக் கூடாது. பொடித்தால் நாள் முழுக்க வர வேண்டியது ஒரேயடியாக வந்துவிடும்.

இன்னொன்று, சர்க்கரை. காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிடாமல் கிடக்கும் சிறு பிள்ளைக்குப் புரோபிரனோலால் ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். படபடப்பு என்ற எச்சரிக்கை அறிகுறியையும் அதுவே மறைத்துவிடும். அதற்காக வீட்டிலேயே மருந்தை நிறுத்துவது அதைவிட ஆபத்து. சர்க்கரை கலந்த நீர், கஞ்சி எதையாவது உள்ளே அனுப்பிவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த வகை இரண்டுமே சிக்கல். மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆனால் சிறு வயதில் இரண்டு தடவை இழுப்பு வந்ததை வைத்து ஆஸ்துமா என்று எழுதப்பட்ட பிள்ளைகள் நிறைய. நல்ல மருந்தைக் கைவிடுமுன், நுரையீரல் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவது அவசியம். உண்மையிலேயே ஆஸ்துமா என்றால் பீட்டா-1 வகையோடு ஃப்ளெகைனைடைச் சேர்ப்பது அடுத்த வழி.

ஃப்ளெகைனைடு: இரண்டாவது மயக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம்

ஃப்ளெகைனைடு என்றதும் பல மருத்துவர்கள் தயங்குவார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதைக் கொடுத்தபோது இறப்பு கூடியது என்று 1980களின் இறுதியில் காஸ்ட் ஆய்வு காட்டியதே காரணம். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் தழும்பேறிய இதயத்துக்கு. சிபிவிடியில் இதயத்தின் தசையும் ரத்தக்குழாய்களும் நன்றாக இருக்கின்றன. எக்கோவில் அதை உறுதி செய்துவிட்டால் அந்தத் தடை இங்கே பொருந்தாது.

2009-இல் வாட்டனபே குழு, எலிகளிலும் இரண்டு நோயாளிகளிலும் இந்த மருந்து சிபிவிடியை அடக்குவதைக் காட்டியது. 2011-இல் 33 பேரிடம் பார்த்ததில் நான்கில் மூவருக்கு உடற்பயிற்சியின்போது வரும் தாளக் கோளாறு முழுதாகவோ பகுதியாகவோ அடங்கியது. ஆனால் என்னைக் கேட்டால் 2017-இல் வெளியானதுதான் வலுவான சான்று. ஒரே நோயாளிக்கு ஒரு காலம் ஃப்ளெகைனைடு, ஒரு காலம் வெற்று மாத்திரை, இரண்டிலும் பீட்டா பிளாக்கர் உச்ச அளவில். சேர்ந்தவர்கள் 14 பேர்தான். முடித்த 13 பேரில் 11 பேருக்கு டிஎம்டியில் கூடுதல் துடிப்பு முழுதாக அடங்கியது. இவ்வளவு அரிய நோயில் இப்படி ஒரு சோதனை நடந்ததே பெரிது.

வழிகாட்டுதலின்படி, பீட்டா பிளாக்கர் தாங்கும் அளவுக்கு ஏற்றிய பிறகும் மயக்கமோ உடற்பயிற்சியில் கூடுதல் துடிப்போ இருந்தால் ஃப்ளெகைனைடைச் சேர்க்கலாம். இந்த ‘கூடுதல் துடிப்பு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுபடி மயங்கி விழ வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. மருந்தோடு எடுத்த டிஎம்டியில் இரண்டிரண்டாகத் துடிப்பு வந்தாலே சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிகிராம், இரண்டு வேளை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு மொத்தம் 100 முதல் 300 மில்லிகிராம். 2011 ஆய்வில் 100-க்குக் கீழ் எடுத்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. ‘சும்மா கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்’ என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டால், மருந்து தோற்றது என்று தவறாக எழுதப்பட்டுவிடும்.

தொடங்கும் முன் ஈசிஜி ஒன்று, அளவை மாற்றி ஐந்தாறு நாளில் இன்னொன்று. இரண்டிலும் கியூஆர்எஸ் (கீழறைகள் துடிப்பதைக் காட்டும் அலை) அகலத்தை ஒப்பிட வேண்டும். 80 மில்லிசெகண்டாக இருந்தது 100-ஐத் தாண்டினால், அதாவது கால் பங்குக்கு மேல் விரிந்தால், அளவைக் குறைக்க வேண்டும். ரத்தத்தில் மருந்தளவு பார்க்கும் வசதி இருந்தால் அடுத்த வேளைக்குச் சற்று முன் எடுத்து, மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 1 மைக்ரோகிராமுக்குள் வைப்பார்கள். தலைசுற்றல், பார்வை மங்குவது இரண்டும் பெரும்பாலும் அளவு கூடியதன் அடையாளம்.

மற்ற மருந்துகளோடு மோதுவதையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்செடின், பராக்செடின் இரண்டும் ஃப்ளெகைனைடைக் கரைக்கும் என்சைமை அடைத்து ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். வலிப்பு என்று தவறாகத் தொடங்கிய ஃபெனிடாயினும் கார்பமசெபினும் நேர்மாறாக அதைச் சீக்கிரம் வெளியேற்றும். நோய் புரிந்த பிறகு வலிப்பு மருந்தை நிறுத்துகிறார்கள் என்றால், அதன் பின் ஃப்ளெகைனைடு அளவு கொஞ்சம் ஏறும் என்று எதிர்பார்த்து ஈசிஜியைத் திரும்ப எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பால், மருந்து உடலில் சேருவதைத் தடுக்கும். பாலைக் குறைத்து திட உணவுக்கு மாறும் மாதங்களில் அதே அளவு மருந்து திடீரென அதிகமாகிவிடலாம்.

பீட்டா பிளாக்கரே வேண்டாம், ஃப்ளெகைனைடு மட்டும் போதுமா? பீட்டா பிளாக்கரைத் தாங்கவே முடியாத சிலருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். சான்று சிறு குழுக்களிலிருந்துதான். தாங்க முடிந்தவருக்கு அது தேர்வே அல்ல.

மற்ற மருந்துகள்

வெரப்பமில் சிலருக்குக் கூடுதல் துணையாக இருந்திருக்கிறது. ஆனால் பீட்டா பிளாக்கரோடு சேர்ந்தால் அழுத்தம் இறங்கும், துடிப்பு மிக மெதுவாகும். ஃப்ளெகைனைடு கிடைக்கும்போது இதை முன்னால் வைக்கக் காரணம் இல்லை. அமியோடரோன் தாளக் கோளாறு என்றாலே கைக்கு வரும் மருந்து, இந்த நோயில் நம்பி நிற்கத் தக்கதல்ல. தைராய்டு, நுரையீரல், கண் என்று பிள்ளைக்கு வாழ்நாள் சுமையும் அதில் உண்டு. டிஜாக்சினைத் தொடவே கூடாது. செல்லுக்குள் கால்சியத்தை அதுவே கூட்டும். டிஜாக்சின் நஞ்சாகும்போது ஈசிஜியில் வருவதும் மேலும் கீழும் மாறும் இதே தாளம்தான்.

நரம்பு அறுவை, ஐசிடி

இரண்டு மருந்தும் சரியான அளவில் சேர்ந்த பிறகும் அடங்காவிட்டால் அடுத்தது இடப்பக்க இதய நரம்பு நீக்கம். இடது நட்சத்திர நரம்பு முடிச்சின் கீழ்ப்பாதியையும் மார்பின் இரண்டு முதல் நான்கு வரையுள்ள முடிச்சுகளையும் எடுத்துவிடுவார்கள். சிறு துளை வழியாகவே செய்ய முடிகிறது. 2015-இல் 63 பேரின் விவரம் வெளியானது. மருந்து முழு அளவில் இருந்தும் பெரிய நிகழ்வு வந்த 25 பேரில், அறுவைக்குப் பிறகு 32 சதவீதத்தினருக்கே மறுபடி வந்தது. முடிச்சின் மேல்பாதியைத் தொட்டுவிட்டால் இடது கண் இமை தொங்கும். இடது கை வறண்டு போவது, முகம் ஒரு பக்கம் மட்டும் சிவப்பது சாதாரணம், பெரும்பாலோர் பழகிவிடுவார்கள். அறுவை ஆனபின் மருந்தை நிறுத்தலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது.

ஐசிடியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நெஞ்சில் ஒரு கருவி இருந்தால் பிள்ளை பாதுகாப்பாக இருப்பான் என்ற எண்ணம் இயல்பானது. வேறு பல நோய்களில் அது உண்மையும்கூட. சிபிவிடியில் கணக்கு வேறு. அதிர்ச்சி வலிக்கும். வலியும் பயமும் அட்ரினலினைக் கொட்டும். அட்ரினலின் அடுத்த தாளக் கோளாறைக் கிளப்பும், கருவி மறுபடி அடிக்கும். இந்தச் சுழலைத்தான் மின்புயல் என்கிறார்கள். 2014-இல் வெளியான ஒரு தொகுப்பில், மேலும் கீழும் மாறும் ஆரம்பத் தாளத்துக்குக் கொடுத்த 40 அதிர்ச்சிகளில் ஒன்றுதான் பலித்தது. இதயம் முழுதாக நடுங்கும் நிலைக்குப் போன பிறகு கொடுத்த 23-இல் 19 பலித்தன. கருவியால் பயன் இல்லை என்பதல்ல இதன் பொருள், அது அவசரப்பட்டு அடிக்கக் கூடாது. எந்தத் துடிப்பு வேகத்துக்கு மேல் போனால் கருவி தலையிட வேண்டும் என்ற வரம்பை உயர்த்தி, அடிக்குமுன் காத்திருக்கும் நேரத்தை நீட்டி நிரல்படுத்த வேண்டும். ஐசிடி வைத்துவிட்டு வீட்டுக்கு வருமுன் இந்த அமைப்பு என்னவென்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2019-இல் வந்த ஒப்பீடு இன்னும் யோசிக்க வைக்கிறது. இதயம் நின்று மீண்ட பிறகே சிபிவிடி எனத் தெரியவந்த 136 பேரில், ஐசிடி வைத்த 79 பேரில் மூவர் பின்னர் திடீர் மரணம் அடைந்தார்கள். வைக்காத 57 பேரில் ஒருவரும் இல்லை. இரு பக்கமும் ஒரே மாதிரி நோயாளிகள் என்று சொல்ல முடியாது. அதனால் இதயம் நின்று மீண்டவருக்கு ஐசிடியோடு பீட்டா பிளாக்கரும் ஃப்ளெகைனைடும் என்பதே இன்றும் வழிகாட்டுதலின் முதல் தரப் பரிந்துரை. இரண்டு மருந்தும் உச்ச அளவில் இருந்தும் மயங்குபவருக்கும் அதைப் பரிசீலிக்கலாம். ஆனால் ஒருமுறை மயங்கிய, இன்னும் நடோலாலையே பார்க்காத எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே ஐசிடி என்று யாராவது சொன்னால், இரண்டாவது கருத்துக் கேட்டே தீர வேண்டும். வளரும் உடம்பில் கம்பி இழுபடும், முறியும். மின்கலம் தீரும்போதெல்லாம் மறு அறுவை.

டிஎம்டி: தேர்வைச் சரிபார்க்கும் கோல்

எந்த மருந்தையும் ‘நன்றாக இருக்கிறான்’ என்பதை வைத்து மதிப்பிட முடியாது. மருந்தோடு டிஎம்டி எடுக்க வேண்டும். பரிசோதனைக் கூடங்களில் வழக்கமாகச் சொல்லும் இரண்டு விஷயங்கள் இங்கே பொருந்தாது. முதலாவது, ‘இரண்டு நாள் முன்பே பீட்டா பிளாக்கரை நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்பது. மாரடைப்புச் சந்தேகத்துக்கு அது சரி, சிபிவிடி பிள்ளைக்கு உயிராபத்து. இரண்டாவது, வயதுக்குரிய துடிப்பில் 85 சதவீதம் தொட்டதும் இயந்திரத்தை நிறுத்துவது. இங்கே பிள்ளை முடியாது என்று சொல்லும்வரை, அல்லது ஆபத்தான தாளம் வரும்வரை போக வேண்டும், அதுவும் மின் அதிர்ச்சிக் கருவி பக்கத்தில் இருக்கும் இடத்தில்.

அறிக்கையில் ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. முதல் கூடுதல் துடிப்பு எந்த வேகத்தில் வந்தது, மோசமான நிலை எது என்ற இரண்டும் வேண்டும்: ஒன்றும் இல்லை 0, தனித்த துடிப்பு 1, ஒன்றுவிட்டு ஒன்று 2, இரண்டிரண்டு 3, தொடர் 4. 4-இலிருந்து 1-க்கு வந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. 3-இலேயே நின்றால் அளவு, வேளை, சேர்க்கை எதையாவது மாற்ற வேண்டும். பிள்ளையின் எடை 30-இலிருந்து 38 கிலோ ஆகும்போது பழைய 90 மில்லிகிராம் புரோபிரனோலால் கிலோவுக்கு 3-இலிருந்து 2.4-ஆக இறங்கிவிடுகிறது. வளரும் வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எடையை வைத்து மறுகணக்குப் போட வேண்டும்.

குடும்பத்தையும் விட்டுவிடக் கூடாது. ரயனோடின் ஏற்பி வகை, பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வரும், புதிதாகவும் தோன்றும். பிழை இருப்பது உறுதியானவருக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் பீட்டா பிளாக்கர் கொடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது வழிகாட்டுதல். கால்சிகுவெஸ்ட்ரின் என்ற இன்னொரு புரதத்தின் மரபணு வகைக்குப் பெரும்பாலும் தாய், தந்தை இரு பக்கமிருந்தும் பிழை வர வேண்டும். 2001-இல் வட இஸ்ரேலின் பெதுயின் உறவுக் குடும்பங்களில்தான் அது முதலில் கண்டறியப்பட்டது. மாமன் மகள், அக்கா மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம் குடும்பங்களிலும் இந்த வகையை மனதில் வைக்க வேண்டும். பெற்றோர் இருவருக்கும் ஒன்றும் இருக்காது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

பிள்ளையின் பையிலும் பள்ளி அலுவலகத்திலும் ஒரு அட்டை இருக்கட்டும். நோயின் பெயர், மருந்தும் அளவும், மருத்துவரின் எண். அதன் கீழே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு இரண்டு வரி: ‘விழுந்து மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தவும், அதிர்ச்சி கொடுக்கவும். அட்ரினலின், ஐசோபிரினலின் இந்த நோயைக் கிளப்பும். தாளம் திரும்பத் திரும்ப வந்தால் ரத்தக்குழாய் (ஐவி) வழி பீட்டா பிளாக்கரும் ஆழ்ந்த மயக்க மருந்தும்.’ பல் மருத்துவரிடம் போகும்போதும் இதே அட்டையைக் காட்ட வேண்டும். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், கலக்காததும் இருக்கிறது.